தெமட்டகொடை வீட்டுத் தொட்டியில் பாசிக் கட்டுப்பாடு: பல்லின நன்னீர் மீன்தொட்டிகளில் ஒளி, உணவு, போட்டி, மேய்ச்சல் பற்றிய ஓர் ஆய்வு

சுருக்கம்

பல இன மீன்கள் ஒன்றாக வாழும் நன்னீர்த் தொட்டியில் பாசி பெருகுவதற்கான காரணங்களையும் அதை அடக்கும் வழிகளையும் கொழும்பு 9, தெமட்டகொடையின் நீர், ஒளி, வெப்பம், வீட்டமைப்பு ஆகிய நிலைமைகளில் வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. ஏரிகளில் பாசியை அடக்கப் பொசுபரசைக் குறைப்பது முதல் வழி. மீன் வளரும் தொட்டியில் அந்த எல்லையை எட்ட முடியாது என்பதைக் கணக்கால் காட்டலாம். ஆகவே தொட்டியில் முதலில் ஒளியையும், அடுத்து உணவையும், மூன்றாவதாகத் தாவரப் போட்டியையும், நான்காவதாக மேயும் உயிர்களையும் கையாள வேண்டும். மருந்து கடைசி வழி. இந்த வரிசை மாறும்போதுதான் பாசி திரும்பத் திரும்ப வருகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. முன்னுரை

தெமட்டகொடையிலும் அதை அடுத்த மருதானை, பொரளை, கொலன்னாவைப் பகுதிகளிலும் வீடுகள் நெருக்கமானவை. தொடர்மாடிகளில் முற்றமோ கிணறோ கிடையாது. அங்கே ஒரு பிள்ளை ஓடும் நீரையும் அதில் வாழும் உயிரையும் நாள்தோறும் பார்த்து வளர்வதற்குக் கூடத்து மூலையில் வைத்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டியே பெரும்பாலும் வழி. அந்தத் தொட்டி வாங்கிய சில வாரங்களில் பச்சையாகக் கலங்கி, மீன்கள் செத்து, மொட்டைமாடிக்குப் போய்விட்டால் இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. உயிர்களை வளர்ப்பது நமக்குக் கைகூடாது என்ற எண்ணம் அந்தப் பிள்ளையின் மனத்தில் பதிந்துவிடுகிறது. பாசிப் பிரச்சினையை முறையாக ஆராய இதுவே போதிய காரணம்.

ஓரினத் தொட்டியை விடப் பல்லினத் தொட்டி சிக்கலானது. கப்பி, மொலி, பார்ப், செதிலற்ற கெளுத்தி வகை, நத்தை, சிற்றிறால் எல்லாம் ஒரே நீரில் இருக்கும்போது ஒன்று தாங்கும் மருந்தின் அளவு இன்னொன்றைக் கொல்லும். ஒன்றுக்கு ஏற்ற நீரோட்டம் மற்றொன்றைக் களைப்பிக்கும். எனவே இங்கே கட்டுப்பாடு என்பது எல்லா உயிர்களும் ஏற்கக்கூடிய மென்மையான வழிகளிலிருந்து தொடங்கியே ஆக வேண்டும்.

2. களம்: நீர், ஒளி, வெப்பம்

2.1 நீர்

கொழும்பு நகரின் குழாய்நீர் இரு மூலங்களிலிருந்து வருகிறது. ஒன்று லபுகமை, களட்டுவாவை என்னும் மலையடிவார நீர்த்தேக்கங்கள். மற்றது அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரிக்கப்படும் களனி கங்கை. லபுகமை நீர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நகருக்கு வந்தபோது அதைத் தேக்கி வைத்த மாளிகாகந்தை நீர்த்தேக்கம் தெமட்டகொடைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இரு மூலங்களும் ஈரவலயத்தின் பழம்பாறைகள் மீது ஓடிவருபவை. ஆதலால் நீர் மென்னீர். கல்சியமும் இருகாபனேற்றும் குறைவு.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் கிணற்று நீரோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கே நீர் வன்னீர். தோட்ட உரத்தால் பல கிணறுகளில் நைத்திரேற்றும் மிகுந்திருக்கிறது. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகளும் உண்டு. அங்கே தொட்டி நீரை மாற்றுவதே பாசிக்கு உரமிடுவதாகிவிடலாம். கொழும்பில் அந்தத் தொல்லை இல்லை. இங்கே மாற்றுநீர் பாசியின் உணவைக் குறைக்கிறது. யாழ்ப்பாணத்து உறவினர் சொன்ன முறை தெமட்டகொடையில் பலிக்காமல் போவதற்கும், இங்கத்தைய முறை அங்கே பலிக்காமல் போவதற்கும் இதுவே காரணம்.

மென்னீருக்கு ஒரு பலவீனம் உண்டு. அமில காரத் தன்மை சட்டென்று மாறுவதைத் தடுக்கும் தாங்கல் திறன் அதில் குறைவு. பச்சைப் பாசி மிகுந்த தொட்டியில் பகல் முழுதும் ஒளித்தொகுப்பு நடந்து காபனீரொட்சைட்டு உறிஞ்சப்படும்போது நீரின் பிஎச் பெறுமானம் பிற்பகலில் ஏறுகிறது. நீரில் உள்ள மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் எவ்வளவு என்பதை இந்தப் பெறுமானமே தீர்மானிக்கிறது. 28 பாகை செல்சியசில் பிஎச் 7 ஆக இருக்கும்போது அது ஏறத்தாழ 0.7 விழுக்காடு, பிஎச் 8இல் 6 முதல் 7 விழுக்காடு, பிஎச் 9இல் ஏறத்தாழ 40 விழுக்காடு. காலையில் நலமாயிருந்த மீன் மாலையில் மேலே வந்து மூச்சுத் திணறுவது பல வீடுகளில் புதிராகவே இருந்துவிடுகிறது. அதற்கான விடைகளில் ஒன்று இது.

2.2 ஒளி

கொழும்பு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. ஆண்டு முழுதும் பகல் பொழுது 12 மணியை ஒட்டியே நிற்கிறது. குளிர்நாட்டு நூல்கள் சொல்லும் குளிர்கால ஓய்வு இங்கே பாசிக்குக் கிடைப்பதில்லை. நண்பகல் நேர்வெயிலின் ஒளி ஒரு லட்சம் லக்ஸ் வரை எட்டும். வீட்டின் உட்பகுதியில் சில நூறு லக்ஸ்தான். ஆகவே யன்னலிலிருந்து தொட்டியை ஓரிரு மீற்றர் உள்ளே நகர்த்துவது எந்த விளக்கை மாற்றுவதையும் விடப் பெரிய மாற்றம். கிழக்கு அல்லது மேற்கு நோக்கிய யன்னலில் சாய்ந்து விழும் வெயில் கண்ணாடியின் பக்கவாட்டில் நேராகப் பாய்வதால் அந்தத் திசைகளில் கூடுதல் கவனம் வேண்டும்.

2.3 வெப்பம்

சூடேற்றி இல்லாமலே இங்கே தொட்டி நீர் பெரும்பாலும் 27 முதல் 30 பாகை வரை இருக்கும். வெப்பம் கூடினால் நீரில் கரையும் ஒட்சிசன் குறையும். 20 பாகையில் லீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் நீரில் 28 பாகையில் 8க்கும் குறைவாகவே கரையும். அதேவேளை மீன், பற்றீரியா, பாசி ஆகிய மூன்றின் மூச்சும் வெப்பத்தில் கூடுகிறது. இரவில் பாசி ஒட்சிசனைத் தராமல் உறிஞ்சுகிறது. எனவே ஒட்சிசனைப் பொறுத்தவரை பாசி மிகுந்த தொட்டிக்கு மிகவும் ஆபத்தான நேரம் விடியற்காலை.

3. வகைப்பாடு

எல்லாப் பாசியும் ஒன்றல்ல. தொட்டியில் காண்பது எது என்று அறியாமல் மருந்து தேடுவது வீண். வீட்டுத் தொட்டிகளில் பெரும்பாலும் தோன்றுபவை ஆறு.

3.1 பழுப்புப் படலம். இவை சிலிக்கா ஓடுடைய தயற்றங்கள். புதுத் தொட்டியில் முதல் வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்புத் தூசு போலப் படியும்; விரலால் துடைத்தால் போய்விடும். தொட்டி முதிரும்போது பெரும்பாலும் தானாகவே மறையும்.

3.2 பச்சை நீர். நீரில் மிதக்கும் ஒற்றைக்கல அல்காக்களால் தொட்டி முழுதும் பச்சைத் தேநீர் போலாகும். கலங்கள் மிக நுண்ணியவை. ஸ்பொஞ்ச் வடிகட்டியில் அகப்படா. யன்னல் வெயிலும் அமோனியாவும் சேர்ந்த இடத்தில் வருவது இது.

3.3 பச்சைப் புள்ளி. கண்ணாடியிலும் மெதுவாக வளரும் இலைகளிலும் கெட்டியாக ஒட்டிய வட்டப் புள்ளிகள். துணியால் போகாது, சவர அலகால் சுரண்ட வேண்டும். நீண்ட நேரம் எரியும் வலுவான விளக்கின் அடையாளம்.

3.4 நூற்பாசி. இசுபைரோகைரா, ஒடோகோனியம், கிளடோபோரா முதலிய இழை அல்காக்கள். கையால் சுருட்டி எடுக்கலாம். ஒளி மிகுந்தும் தாவரம் குறைந்தும் உள்ள தொட்டியில் தழைக்கும்.

3.5 கருந்தாடிப் பாசி. இலை விளிம்பிலும் வடிகட்டியின் வாயிலும் கருஞ்சாம்பல் மயிர்க்கற்றை போல வளரும். நிறத்தால் கறுப்பாயினும் இனத்தால் செவ்வல்கா. நீங்குவதற்கு மிகக் கடினமானது.

3.6 நீலப்பச்சைப் படலம். மணலையும் இலையையும் வழுவழுப்பான போர்வையாக மூடும், உரித்தால் தகடாக வரும், மண்வாடை வீசும். ஒசிலட்டோரியா போன்ற சயனோபற்றீரியாக்கள் இவை. உயிரியல்படி அல்காக்கள் அல்ல, பற்றீரியாக்கள். இவற்றுள் சில இனங்கள் வளிமண்டல நைதரசனையே நிலைப்படுத்திக்கொள்ளும். ஆகவே நைத்திரேற்றைக் குறைப்பதால் மட்டும் இவை ஒழியா.

4. காரணவியல்

4.1 குறைநிலை விதி

உயிரின் வளர்ச்சிக்கு வேண்டிய பொருள்களுள் எது தேவையை நோக்க மிகக் குறைவாக உள்ளதோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை வகுக்கும். கார்ல் ஸ்பிரெங்கல் சொல்லி, 1840இல் யுஸ்டுஸ் ஃபொன் லீபிக் நூலால் உலகறிந்த விதி இது. ஏரிகளில் அந்த எல்லைப் பொருள் எது என்ற விவாதத்தில் மறக்க முடியாத சோதனை 1973இல் கனடாவின் ஒன்ராறியோவில் நடந்தது. டேவிட் ஷிண்ட்லரின் குழு ‘ஏரி 226’ஐ அதன் ஒடுங்கிய இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் திரையால் இரண்டாகப் பிரித்தது. இரு பகுதிகளுக்கும் காபனும் நைதரசனும் இட்டார்கள். ஒரு பகுதிக்கு மட்டும் பொசுபரசும் சேர்த்தார்கள். பொசுபரசு பெற்ற பக்கம் பச்சையாயிற்று. மற்றது தெளிவாகவே நின்றது. மேலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம், நீரில் போசணை மிகுந்து பாசி பெருகும் நற்போசணையாக்கம் பற்றிய பாடங்களில் இன்றும் இடம்பெறுகிறது.

4.2 தொட்டியின் வரவு செலவு

இந்த முடிவைத் தொட்டிக்கு அப்படியே பொருத்தலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டியில் கல்லும் மணலும் மேல் வெளியும் போக ஏறத்தாழ 100 லீற்றர் நீர் நிற்கும். 40 விழுக்காடு புரதமும் 1 விழுக்காடு பொசுபரசும் உள்ள உலர் உணவு நாளொன்றுக்கு ஒரு கிராம் இடப்படுவதாகக் கொள்வோம். புரதத்தில் 6.25இல் ஒரு பங்கு நைதரசன். எனவே நாள்தோறும் 64 மில்லிகிராம் நைதரசனும் 10 மில்லிகிராம் பொசுபரசும் தொட்டிக்குள் வருகின்றன.

பொசுபரசு மட்டும் லீற்றருக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம். ஓர் ஏரியின் நீரில் மொத்தப் பொசுபரசு லீற்றருக்குச் சராசரி 0.035 மில்லிகிராமைத் தாண்டினால் அதை நற்போசணை மிகுந்த ஏரி என்று வகைப்படுத்துவது வழக்கம். நம் தொட்டி அந்த எல்லையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கை ஒரே நாளில் பெற்றுவிடுகிறது. மீனின் உடல் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், உணவைப் பாதியாக்கினாலும், பொசுபரசுப் பஞ்சத்தால் பாசியை அடக்கும் நிலைக்கு மீன்தொட்டி வரவே வராது. நீரிலிருந்து பொசுபேற்றை உறிஞ்சும் பைகளை வாங்கிப் போட்டு மட்டும் பாசியை ஒழிக்க முயல்வோர் களைத்துப்போவதன் காரணம் இதுதான்.

நைதரசன் கணக்கும் கற்றுத் தருவது உண்டு. 64 மில்லிகிராம் நைதரசன் முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் லீற்றருக்கு நாளொன்றுக்கு 2.8 மில்லிகிராம்; வாரத்துக்கு ஏறத்தாழ 20. இது உச்சக் கணக்கு. வாரந்தோறும் நீரில் காற்பங்கு மாற்றினால் நைத்திரேற்று நாளடைவில் 80இல் போய் நிற்கும். அரைப்பங்கு மாற்றினால் 40இல் நிற்கும். உணவைப் பாதியாக்கிவிட்டுக் காற்பங்கே மாற்றினாலும் அதே 40தான். வாளி சுமக்கும் உழைப்பை இரட்டிப்பதும் கைப்பிடி உணவைப் பாதியாக்குவதும் ஒரே பலனைத் தருகின்றன. ஒன்று முதுகை வருத்துகிறது. மற்றது பணத்தை மிச்சப்படுத்துகிறது. ஒன்று முதல் ஒன்றரைக் கிராம் எடையுள்ள இருபது சிறுமீன்களுக்கு உடல் எடையில் 2 விழுக்காடு என்ற அளவில் நாளுக்கு அரைக் கிராம் போதும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

4.3 அமோனியாவும் வடிகட்டியும்

மீனின் கழிவும் மிஞ்சிய உணவும் முதலில் அமோனியாவாகின்றன. வடிகட்டியில் குடியிருக்கும் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. இந்தச் சங்கிலி அறுந்தால் அமோனியா தேங்குகிறது. அமோனியம் பாசிக்கு எளிதில் செரிக்கும் நைதரசன். பச்சை நீர் பெரும்பாலும் இந்தச் சங்கிலி அறுந்த பின்னரே வருகிறது.

சங்கிலி அறுவதற்குக் கொழும்பில் இரு பொதுக் காரணங்கள். முதலாவது, வடிகட்டி ஸ்பொஞ்சைக் குளோரீன் கலந்த குழாய்நீரில் பிழிந்து கழுவுவது. இரண்டாவது, நீண்ட மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அத்தனை நேரம் மூடிய வடிகட்டிப் பெட்டிக்குள் நீர் ஓடாமல் நின்றால் ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா மடியும். மின் வந்ததும் அந்த அழுகல் நீர் தொட்டிக்குள் பாயும். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப் பம்பு ஒன்றை வீட்டில் வைத்திருப்பதும், நெடுநேரம் நின்ற வடிகட்டியின் நீரை ஊற்றிவிட்டு ஓடவிடுவதும் மீனையும் காக்கும், பாசியையும் தடுக்கும்.

4.4 எஞ்சும் எல்லை: ஒளி

போசணையால் எல்லை வகுக்க முடியாதெனில் எஞ்சுவது ஒளியே. ஏரியில் கதிரவனை மறைக்க முடியாது, பொசுபரசை மறிக்கலாம். தொட்டியில் பொசுபரசை மறிக்க முடியாது, விளக்கை அணைக்கலாம். ஏரிக்கான அறிவைத் தொட்டிக்குக் கொண்டுவரும்போது இந்தத் தலைகீழ் மாற்றத்தைக் கவனிக்க வேண்டும்.

5. இரு முன்மாதிரிகள்

5.1 பேர வாவி

போர்த்துக்கேயர் காலத்தில் கொழும்புக் கோட்டையின் காவலுக்காக உருவான பேர வாவி, நகரின் கழிவுநீரை நெடுங்காலம் ஏற்று, பச்சைக் கூழாகிய நீர்நிலை. ஆழமற்ற தேங்கு நீர், திறந்த வெயில், ஓயாமல் வரும் போசணை, மறுபுறம் நீர்த்தாவரங்களின் இன்மை எல்லாம் சேர்ந்து அங்கே மைக்ரோசிஸ்டிஸ் என்னும் சயனோபற்றீரியாவை ஆளவிட்டன. யன்னலோரம் வைத்த, தாவரமற்ற, உணவு மிகுந்த வீட்டுத் தொட்டி இதன் சிறுவடிவம்.

5.2 ஈரவலய ஓடை

அதே களனிப் படுகையின் மேற்பகுதியிலும் சிங்கராஜ வனப்பகுதியிலும் ஓடும் சிற்றோடைகள் நேர்மாறானவை. மரநிழல் ஒளியைக் குறைக்கிறது. நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. மணற்படுகையில் கிரிப்டோகொரைன் இனங்கள் அடர்ந்து வளர்கின்றன. கற்களின் மேல் கல்லொட்டி மீனாகிய கர்ரா சிலோனென்சிஸ் பாசியை மேய்கிறது. உலகெங்கும் தொட்டிகளில் வளர்க்கப்படும் செர்ரி பார்ப் இத்தகைய நிழலோடைகளில் பிறந்ததே. விலங்கியலாளர் பி. இ. பி. தெரணியகல 1929இல் அதை விவரித்துப் பெயரிட்டார். கிரிப்டோகொரைன் வென்டி என்னும் தாவரம் இலங்கைக்கே உரியது. டச்சுத் தாவரவியலாளர் டி விட் 1958இல் அதை விவரித்தார். ஐரோப்பியத் தொட்டிகளை அழகுபடுத்தும் இந்தத் தாவரமும் மீனும் நம் நாட்டின் சொத்து.

பாசியை அடக்கத் தெமட்டகொடைக்காரர் தொலைதேசத்து முறை எதையும் நாட வேண்டியதில்லை. தொட்டி பேர வாவியை விட்டு விலகி நிழலோடையை நெருங்க நெருங்கப் பாசி தன் இடத்துக்குள் ஒடுங்கும். நிழல், ஓட்டம், அடர்ந்த தாவரம், மேயும் உயிர் ஆகிய நான்கும் அந்த ஓடையிலேயே உள்ளன.

6. கட்டுப்பாட்டின் ஒழுங்கு

6.1 ஒளி

தொட்டியை யன்னல் வெயில் படாத சுவரோரம் வைக்க வேண்டும். இடமில்லாத சிறு வீடுகளில் வெயில் வரும் பக்கக் கண்ணாடியையும் பின்பக்கத்தையும் கறுப்புத் தாளால் மூடினாலே போதும். விளக்கு நாளுக்கு 6 முதல் 8 மணி நேரம். வீட்டார் விழித்திருக்கும் நேரமெல்லாம் விளக்கு எரிவதே பல தொட்டிகளின் நோய். டைமர் ஒன்றைப் பொருத்திவிட்டால் மறதிக்கு இடமில்லை. பார்த்து மகிழ வேண்டிய நேரம் மாலை என்றால் பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை எரியவிடலாம். மொத்த நேரம் கூடாமலிருப்பதே முக்கியம்.

6.2 உணவும் நீரும்

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவை நாளுக்கு ஒருமுறை, கூடினால் இருமுறை இட வேண்டும். வாரத்தில் ஒருநாள் உணவு இல்லாமல் விடுவதால் வளர்ந்த மீனுக்குக் கேடில்லை. வீட்டில் ஒருவர் மட்டுமே உணவிடும் பொறுப்பை ஏற்க வேண்டும். தாத்தா, அம்மா, பிள்ளை மூவரும் தனித்தனியே அன்பு காட்டினால் மூன்று மடங்கு உணவு விழும்.

வாரந்தோறும் நீரில் 25 முதல் 30 விழுக்காடு மாற்றுக. மணலின் மேல் படிந்த அழுக்கை ரப்பர்க் குழாயால் உறிஞ்சி எடுக்கும்போதே அந்த அளவு நீர் வெளியேறிவிடும். புதுநீரை ஒருநாள் வாளியில் வைத்தோ, கடைகளில் அன்டி குளோரின் என்று விற்கும் சோடியந் தயோசல்பேற்றை இட்டோ குளோரீனை நீக்க வேண்டும். ஸ்பொஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே பிழிய வேண்டும்.

6.3 தாவரப் போட்டி

தொட்டியில் வந்து சேரும் போசணையை யாரோ ஒருவர் உண்ணத்தான் போகிறார். அது பாசியா தாவரமா என்பதே கேள்வி. மெதுவாக வளரும் கிரிப்டோகொரைன் அழகுக்கும் நிழல் தாங்குவதற்கும் ஏற்றது. ஆயினும் தொடக்க மாதங்களில் விரைந்து வளர்பவை வேண்டும். வேலம்பாசி என நாம் வழங்கும் ஐதரில்லா, செரட்டோபில்லம், மிதக்கவிடக்கூடிய நீர்ப்பன்னம் ஆகியவை நம் நாட்டு நீர்நிலைகளுக்குரியவை, மலிவானவை. மணற்பரப்பில் பாதியேனும் தாவரம் மூட வேண்டும். மிதப்பவை காற்றிலிருந்தே காபனீரொட்சைட்டைப் பெறுவதால் மற்றவற்றை விட வேகமாக வளரும். கீழே நிழலும் தரும். வாரந்தோறும் அவற்றைக் கத்தரித்து அகற்றுவது மிக முக்கியம். கத்தரித்த ஒவ்வொரு பிடியோடும் நைதரசனும் பொசுபரசும் தொட்டியை விட்டு வெளியேறுகின்றன. அழுகும் இலையை உள்ளே விட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

6.4 மேயும் உயிர்கள்

பாசி குறைந்த பிறகு அது மீளாமல் காப்பதற்கே மேயும் உயிர்கள். பெருகிய பாசியை அவற்றால் தின்று தீர்க்க முடியாது. மொலி மீன் நூற்பாசியைக் கொறிக்கும். ஒட்டோசிங்க்ளஸ் பழுப்புப் படலத்தை விரும்பும்; முதிர்ந்த தொட்டியில் மட்டுமே பிழைக்கும். நெரைட் நத்தைகள் கண்ணாடியை நன்கு துடைப்பவை. அவற்றின் குடம்பிகளுக்கு உவர்நீர் வேண்டியிருப்பதால் நன்னீர்த் தொட்டியில் பெருகித் தொல்லை தரா. சிற்றிறால்கள் இலையிடுக்கில் புகுந்து மேயும். ஏஞ்சல் போன்ற வாயகன்ற மீன் உள்ள தொட்டியில் அவை இரையாகிவிடும். கல்லொட்டி மீன் வேகமான ஓட்டமும் மிகுந்த ஒட்சிசனும் கேட்பது. அவற்றைத் தர முடியாதவர் அதை ஓடையிலிருந்து பிடித்து வருவது கொடுமை.

டாங்க் கிளீனர் என்று கடைகளில் விற்கும் தென்னமெரிக்க மீனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். விரலளவில் வாங்கும் அது ஓரடிக்கு மேல் வளரும். வளர வளரப் பாசியை விட்டு மற்ற மீனின் உணவைத் தேடும். அதன் கழிவு அது தின்ற பாசியை விட அதிகப் பாசிக்கு உரமாகும். மூன்றடித் தொட்டிக்கு அது பொருந்தாது.

6.5 வகைக்கேற்ற நேரடிச் செயல்

பழுப்புப் படலத்தைத் துடைத்துவிட்டுக் காத்திருக்கலாம். பச்சை நீருக்கு மூன்று முதல் நான்கு நாள் தொட்டியைப் போர்வையால் முழுதும் மூடி, காற்றுப் பம்பை ஓடவிட்டு, பின் நீரில் பாதியை மாற்ற வேண்டும். புறஊதா விளக்கு பொருத்திய வடிகட்டியும் நல்ல பலன் தரும். புள்ளியைச் சுரண்டி, விளக்கு நேரத்தைக் குறைக்க வேண்டும். நூற்பாசியைப் பல் துலக்கியில் சுற்றி எடுக்கலாம். நீலப்பச்சைப் போர்வையை உறிஞ்சி எடுத்து, இருட்டடித்து, அந்த மூலைக்கு நீரோட்டம் போகச் செய்ய வேண்டும். கருந்தாடி பிடித்த இலையை வெட்டி எறிவதே சிறந்தது. கல்லிலும் கட்டையிலும் பிடித்திருந்தால் வெளியே எடுத்து 3 விழுக்காட்டு ஐதரசன் பரவொட்சைட்டைத் தூரிகையால் தடவி, சில நிமிடம் விட்டுக் கழுவி மீண்டும் வைக்கலாம்.

7. மறுப்புகளும் விடைகளும்

7.1 “முழுத் தொட்டியையும் மாதம் ஒருமுறை கழுவினால் போதாதா?”

பல வீடுகளில் உள்ள வழக்கம் இது. மணலையும் வடிகட்டியையும் குழாய்நீரில் கழுவும்போது நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் அழிகின்றன. பளபளக்கும் தொட்டியில் அமோனியா தேங்குகிறது, இரண்டாவது வாரம் பச்சை நீர் வருகிறது, மீண்டும் கழுவுகிறார்கள். பாசியை நீக்கச் செய்யும் வேலையே பாசியை வரவழைக்கிறது.

7.2 “மருந்து ஒரு நாளில் தீர்க்குமே?”

செம்பு சேர்ந்த பாசிக்கொல்லிகள் இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. நம் மென்னீரில் செம்பின் நச்சுத்தன்மை வன்னீரில் உள்ளதை விட அதிகம். போத்தலில் அச்சிட்ட அளவே இங்கே மிகையாகிவிடலாம். நீலப்பச்சைப் படலத்துக்கு எரித்ரோமைசின் போடுவோர் உண்டு. மனிதருக்குரிய நுண்ணுயிர்க்கொல்லியை வீட்டு நீரில் கலந்து வடிகாலில் ஊற்றுவது எதிர்ப்புத்திறன் பெற்ற பற்றீரியாக்களை வளர்க்கும் செயல். அதை ஏற்க முடியாது. எந்த மருந்தாயினும் ஒரே நாளில் மடிந்த பாசி அழுகி ஒட்சிசனைத் தீர்க்கும். அதன் போசணை மீண்டும் நீரில் கலக்கும். காரணம் அப்படியே இருக்கக் காரியம் மட்டும் மறைந்தால் அது மீண்டும் வரும்.

7.3 “பாசி இல்லாத தொட்டி வேண்டும்.”

அது முடியாதது, விரும்பத்தக்கதும் அல்ல. பின்கண்ணாடியில் படரும் மெல்லிய பச்சைப் படலம் கப்பிக் குஞ்சுக்கும் இறாலுக்கும் நத்தைக்கும் உணவு. முன்கண்ணாடியைத் துடைத்து, பின்கண்ணாடியை விட்டுவிடுவதே நல்ல பழக்கம். கட்டுப்பாடு என்பது பாசிக்கு ஓர் இடம் கொடுத்து அந்த இடத்துக்குள் நிறுத்துவது.

8. தொட்டிக்கு வெளியே உள்ள பொறுப்பு

தெமட்டகொடைக் கால்வாய் கொழும்பின் கால்வாய் வலையின் ஒரு கண்ணி. அந்த வலை களனி கங்கையோடும் கடலோடும் தொடர்புடையது. வளர்ந்துவிட்ட டாங்க் கிளீனரையோ கத்தரித்த செடியையோ அந்தக் கால்வாயில் விடுவது சிறு செயலாகத் தோன்றும். இலங்கையின் அனுபவம் வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை பரவியதால் 1909இலேயே அதைத் தடுக்கச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 1939இல் கொழும்புக்குக் கற்பித்தல் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா குளங்களையும் வயல்களையும் மூடியது. டாங்க் கிளீனர் மீன் இன்று நாட்டின் திறந்த நீர்நிலைகளில் அந்நிய ஆக்கிரமிப்பு இனமாக நிலைபெற்றுவிட்டது.

ஆகவே கத்தரித்த செடியை வெயிலில் உலர்த்திப் பூச்சாடிக்கு எருவாக்க வேண்டும். வேண்டாத மீனைக் கடைக்கோ வேறு வளர்ப்பவருக்கோ கொடுக்க வேண்டும். நைத்திரேற்று நிறைந்த பழைய தொட்டி நீர் மொட்டைமாடிக் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் நல்ல உரம்.

9. முடிவுரை

ஆய்வின் முடிவுகளைத் தொகுத்துச் சொன்னால் இவை.

ஒன்று: உணவிடும் தொட்டியில் பொசுபரசைக் குறைத்துப் பாசியை அடக்க முடியாது, ஒளியைக் குறைத்து அடக்கலாம்.

இரண்டு: உணவைப் பாதியாக்குவது நீர் மாற்றத்தை இரட்டிப்பதற்குச் சமம்.

மூன்று: கொழும்பின் மென்னீர் தூய்மையானது, ஆயினும் தாங்கல் குறைந்தது, எனவே பச்சை நீரைச் சாதாரணமாக எண்ணி விட்டுவிடக் கூடாது.

நான்கு: வடிகட்டியின் பற்றீரியாக்களைக் காப்பதும் பாசிக் கட்டுப்பாடே.

ஐந்து: ஒளி, உணவு, தாவரம், மேயும் உயிர், மருந்து என்ற வரிசை மாறக் கூடாது.

இந்த முறை பலன் தர ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கலாம். முதல் வாரத்தில் இடத்தையும் விளக்கு நேரத்தையும் திருத்துங்கள். இரண்டாம் வாரத்தில் உணவளவைக் குறையுங்கள். மூன்றாம் வாரத்தில் செடிகளைச் சேருங்கள். பாசி தளர்ந்த பிறகே நத்தையையும் இறாலையும் வாங்குங்கள். இடையில் பொறுமையிழந்து முழுத் தொட்டியையும் கழுவிவிடாதீர்கள். அதுவரை செய்த அத்தனையும் அந்த ஒரு கழுவலில் போய்விடும்.